கைக்கு எட்டிய வரை

திருவண்ணாமலை
12.8.2023

அன்புள்ள அருணா அக்காவுக்கு,

மரியே வாழ்க. உன் தங்கை கவிநிலா எழுதுவது. அப்பாவும் அம்மாவும் நானும் சுகம். மடத்தில் மதர், சகோதரிகள், சமையற்கட்டில் மீனுக்குக் காத்திருக்கும் அந்தக் கிழட்டுப் பூனை, எல்லோரும் சுகமா?

பஸ்ஸில் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. அப்பா ஊத்தங்கரை வரைக்கும் என் கையை விடவேயில்லை. அதற்கப்புறம் தூங்கிவிட்டார். தூக்கத்திலும் விடவில்லை.

வீடு அப்படியேதான் இருக்கிறது. எதிர்வீட்டு மாடியை மட்டும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஆசிரமத்துக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அப்பா ஆட்டோ நாள் முழுக்க ஓடுகிறது. முக்காடு இல்லாமல் தெருவில் நடக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒட்ட வெட்டிய முடி இன்னும் காதைத் தாண்டவில்லை. "துப்பட்டாவ தலையில போட்டுக்கோ, முடி வளர்ற வரைக்கும்"னு அம்மா சொன்னாள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து சந்திரம்மாள் பெரியம்மா வந்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம், "உண்டியல்ல போட்டது திரும்பி வந்து நான் பாத்ததே இல்ல, சரோஜா" என்றாள். அம்மா உள்ளே போய் அவளுக்குக் காப்பி போட்டாள்.

மதர் கடைசியாக என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. நீ அப்போது ஜெபக்கூடத்தில் இருந்தாய். "மாத்திரை இல்லாம ரெண்டு வருஷம் வலிப்பு வராம இருந்தா, அப்ப பாக்கலாம் குழந்தை" என்று தலையைத் தடவிச் சொன்னார். அதை நினைத்துக்கொண்டுதான் படி இறங்கினேன்.

உன் ஜெபத்தில் என்னை மறக்காதே.

கவி

❖

3.9.2023

என் அன்புத் தங்கை கவிக்கு,

இயேசுவின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். நான் சுகம். பூனையும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தார்களா?

ஜெபக்கூடத்தில் என் பக்கத்து இடத்தில் இன்னும் யாரையும் உட்கார வைக்கவில்லை. உன் பாட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். நீ வந்த இரண்டு வருஷமும் நாம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். மௌன விதியால் பேசியது கொஞ்சம்தான். நீ போன பிறகுதான் உன்னிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறது.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். வாசல் சகோதரியிடம் இருக்கும் போன் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் எங்களுக்குக் கடிதம் கிடையாது. நீ எழுதினால் மதர் வாங்கி வைத்திருந்து பண்டிகை அன்று கொடுப்பார். மற்ற நாட்களிலும் போவதும் வருவதும் அவர் கண்ணில் பட்டுத்தான் போகும். அதற்காக எழுதாமல் இருந்துவிடாதே.

கவி, கடவுள் உன்னைத் தள்ளிவிடவில்லை. அவருடைய அன்புக்கு மெடிக்கல் சர்டிபிகேட் தேவையில்லை. நம்பு.

மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அதை மட்டும் மறக்காமல் எழுது.

உன் அக்கா,
அருணா

❖

திருவண்ணாமலை
28.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. எல்லோரும் சுகம். அப்பா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார். நேற்று முன்தினம் தீபம். மலைமேல் ஏற்றியதும் தெருவே "அரோகரா" என்று எழுந்து நின்றது. அப்பா இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவு கூட்டம். நான் மாடியில் நின்று பார்த்தேன். அத்தனை ஜனத்தில் ஒருவரைக்கூட அந்த மலை "நீ வேண்டாம்" என்று சொல்லவில்லை. இதை மதர் படித்தால் கோபித்துக்கொள்வாரோ தெரியவில்லை.

அன்புக்கு மெடிக்கல் சர்டிபிகேட் தேவையில்லை என்று எழுதியிருந்தாய். மடத்துக்குத் தேவைப்பட்டதே, அக்கா. குத்திக் காட்டவில்லை. நானும் மதராக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். கிணற்றங்கரையில் ஒருத்தி விழுந்தால் யார் பதில் சொல்வது?

ஞாயிறு பூசைக்குப் போகிறேன். கதவோரம் கடைசிப் பாயில் உட்காருகிறேன், ஏதாவது ஆனால் வெளியே இழுக்கச் சுலபமாக இருக்கும் என்று. பெரியம்மா ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே ஜெபிக்கிற அம்மா என் தலையில் கைவைத்து, "கர்த்தர் ஒன்ன ஏன் திருப்பி அனுப்பினாருன்னு யோசிச்சியாம்மா? உள்ள ஏதோ இருக்குது" என்றார். அன்றிலிருந்து யோசிக்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போதும் யோசிக்கிறேன். எல்லாமே காரணமாகத் தெரிகிறது. உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுத்தான் நான் மடத்துக்கு வந்தேனோ என்றுகூடத் தோன்றுகிறது.

ஆனால் சந்தோஷமான விஷயம், செப்டம்பருக்கு அப்புறம் வலிப்பு வரவேயில்லை.

உன் கவி

❖

6.1.2024

என் அன்பு கவிக்கு,

திருக்காட்சித் திருநாள் வாழ்த்துகள். உன் கடிதத்தைக் கிறிஸ்துமஸ் அன்று மதர் கொடுத்தார். குளிரில் கை விறைத்துப் போய் எழுத்து கோணலாக வருகிறது, பொறுத்துக்கொள். மற்றபடி சுகம். அம்மா அனுப்பிய முறுக்கை எல்லோரும் சாப்பிட்டோம்.

"உள்ளே ஏதோ இருக்கிறது" என்று சொன்னார்களாம். என் உள்ளேயும் இருக்கிறது, கவி. இங்கே இருக்கிற எல்லோர் உள்ளேயும் இருக்கிறது. எனக்கு அது வலிப்பாக வெளியே வரவில்லை, அதனால் என்னை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைத் தவிர உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. தகுதி பார்த்துத்தான் அவர் அழைப்பார் என்றால் நான் எட்டு வருஷம் முன்னாலேயே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கு இனிமேல் போகாதே.

போன தடவை ஒன்று கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாயா? வலிப்பு வரவில்லை என்பது சந்தோஷம்தான். ஆனால் நான் கேட்டது அதை இல்லை.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் பிப்ரவரி பதினான்கு. அதற்குள் ஒரு கடிதம் போடு. அப்புறம் பாஸ்கா வரைக்கும் நான் ஊமை.

உன் அக்கா,
அருணா

❖

திருவண்ணாமலை
19.2.2024

அக்கா,

தவக்காலம் தொடங்கிவிட்டது, உன்னிடம் இதைக் கொடுக்க மாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்மாவும் அப்பாவும் சுகம்.

நேற்று ஞாயிறு. நன்மை வாங்க வரிசையில் போனேன். சாமியார் அப்பத்தை நாக்கில் வைத்தார். நான் "ஆமென்" சொன்னேனா என்று தெரியவில்லை. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. மீதி அம்மா சொன்னது.

பீடத்துக்கு முன்னாலேயே விழுந்திருக்கிறேன். கால் கையெல்லாம் இழுத்திருக்கிறது. நற்கருணை வாயிலிருந்து தெறித்துவிட்டது.

எனக்கு முதலில் காதுதான் திரும்பி வந்தது. "மிதிச்சிடாதீங்க! யாரும் காலை எடுத்து வைக்காதீங்க! மிதிச்சிடாதீங்க!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள். என்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன், அக்கா. எனக்காகத்தான் இவ்வளவு பதறுகிறார்கள் என்று நினைத்து அந்த மயக்கத்திலும் ஆறுதலாக இருந்தது. கண் திறந்து பார்த்தால் சாமியாரும் பாட்டுக்குழுப் பெண்களும் மண்டிபோட்டுத் தரையில் தேடிக்கொண்டிருந்தார்கள். யாரோ என் கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். அம்மா மட்டும் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நனைந்துபோன என் உடையைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள்.

என் துப்பட்டா ஓரத்தில்தான் அது ஒட்டியிருந்தது. சாமியார் பயபக்தியாக எடுத்து, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். நானும் அங்கே நின்றிருந்தால் மண்டிபோட்டு அதைத்தான் தேடியிருப்பேன்.

மடத்தில் வேண்டாம் என்றார்கள், போகட்டும். இப்போது கடவுள்கூட என் வாயில் தங்கவில்லை.

கவி

❖

திருவண்ணாமலை
6.3.2024

அக்காவுக்கு,

சுகம் என்று எழுத வரவில்லை. நெற்றிக் காயம் ஆறிவிட்டது.

அதற்கப்புறம் நான் பூசைக்குப் போகவில்லை. அம்மா தனியாகப் போய்விட்டு வருகிறாள். வந்ததும் செருப்பைக் கழற்றும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். சாமியார் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். "உடம்பு சரியாகட்டும்மா, மெதுவா வா" என்றார். மெதுவாக என்றால் எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

நான் விழுந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றி மூன்று தடவை கழுவினார்களாம். பக்கத்துத் தெரு அக்கா சொன்னாள். கடவுள் விழுந்த இடம் என்று கழுவினார்களா, என் அசுத்தம் பட்ட இடம் என்று கழுவினார்களா? அவளிடம் கேட்கவில்லை. உன்னிடம் கேட்கிறேன், நீயும் பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறாய்.

உனக்கு விதி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தும் தபால்காரர் சைக்கிளைப் பார்த்தால் வாசலுக்குப் போகிறேன். "ஒனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று தினமும் சொல்கிறார். பாவம், இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் அவரே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

கவி

❖

திருவண்ணாமலை
25.3.2024

அக்கா,

இன்று பரிசுத்த வாரத்துத் திங்கள். ஊரில் பங்குனிப் பௌர்ணமிக் கூட்டம்.

பதில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். ஜெபம் செய்வதும் இப்போது இப்படித்தான் இருக்கிறது.

வீட்டில் மூச்சு முட்டியது. கூட்டத்தோடு கூட்டமாகக் கிரிவலப் பாதையில் நடந்தேன். சாமி கும்பிட இல்லை, சும்மா. அடி அண்ணாமலையில் கால் ஓய்ந்து ஒரு இட்லிக் கடையோரம் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மா பேர் கஸ்தூரி. ஒற்றை ஆளாகத் திணறிக்கொண்டிருந்தார். "சும்மாதானே உக்காந்துகினு இருக்க, அந்தத் தட்டயெல்லாம் கொஞ்சம் கழுவிக் குடேன்" என்றார். கழுவினேன். சாயங்காலம், "நாளைக்கும் வர்றியா? ஆள் இல்லாம ஜாஸ்தி கஷ்டமா இருக்குது" என்றார்.

எனக்கு வலிப்பு வரும் என்று சொன்னேன். இதைச் சொன்னதும் முகம் மாறாத ஆளை நான் பார்த்ததில்லை. அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அடுப்புகிட்ட நிக்காத. அந்தாண்ட கொழா கிட்ட நில்லு" என்றார். அவ்வளவுதான். நாளைக்குப் போகிறேன்.

பெரிய வியாழன் பூசைக்குப் போக மாட்டேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கவி

❖

1.4.2024

என் கவி,

நேற்று உயிர்ப்பு ஞாயிறு. பூசை முடிந்து எல்லோரும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொன்ன பிறகு மதர் உன் மூன்று கடிதங்களையும் ஒன்றாகக் கொடுத்தார். நான் சுகம். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒன்றன் பின் ஒன்றாகப் படித்தேன். நீ தரையில் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மனசில் ஒரு சலனமும் இல்லை. நல்ல வெயில். உனக்காக நாள் தவறாமல் ஜெபிக்கிறேன் என்று எழுதிக்கொண்டிருந்தேனே, அந்த ஜெபம் எனக்கு ஒரு சேதியும் சொல்லவில்லை.

தரையைக் கழுவியதைப் பற்றி நீ கேட்டதற்கு நேற்றிலிருந்து நாலு பதில் எழுதிக் கிழித்தேன். எல்லாம் பிரசங்கமாக இருந்தது. கிழிக்காமல் மிஞ்சியது இதுதான். நீ விழுந்தபோது ஆண்டவரும் விழுந்தார். பீடத்திலேயே பத்திரமாக இருந்திருக்கலாம். உன் வாய்க்கு வந்தார், உன்னோடு தரைக்கு வந்தார், உன் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு கிடந்தார். மற்றவர்கள் அவரை உன்னிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவராகப் போகவில்லை.

இது சரியா என்று எந்தச் சாமியாரையும் கேட்கவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

கஸ்தூரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அம்மாவைத் தனியாகப் பூசைக்கு அனுப்பாதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சொல்லவில்லை.

அருணா

❖

திருவண்ணாமலை
20.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பாஸ்கா வாழ்த்துகள். நீ சுகமாக இருப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அப்பா சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கம்மியாகியிருக்கிறது.

நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அழுதாள். அந்தப் பக்கத்தை மடித்து ஜெபமாலைப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். எனக்கும் அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லாமல் எழுதுகிறேன், எனக்குள் ஒன்றும் ஆகவில்லை. பசியில் இருப்பவனுக்குச் சாப்பாட்டுப் படம் காட்டுகிற மாதிரி இருந்தது. கோபித்துக்கொள்ளாதே. நல்ல வார்த்தை எல்லாம் காது வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது.

நீ மாத்திரையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் தாண்டிக்கொண்டே போனேன். நான் சாப்பிடவில்லை, அக்கா. அக்டோபரிலேயே நிறுத்திவிட்டேன். ஜெபக் கூட்டத்துக்காரர்கள் சொல்லி இல்லை. மாத்திரை இல்லாமல் இரண்டு வருஷம் என்று மதர் சொன்னாரே, அந்த இரண்டு வருஷத்தை எப்போதாவது தொடங்க வேண்டுமே. நவம்பரில் வரவில்லை, டிசம்பரில் வரவில்லை. காலண்டரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அவர் என்னைக் கூப்பிடுகிறார், திரும்பி வா என்கிறார் என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் அந்த ஞாயிறு.

மதர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

அப்பா தெரிந்ததும் என்னைத் திட்டவில்லை. ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெகுநேரம் கழித்து மாத்திரையோடு வந்து என் உள்ளங்கையில் வைத்து, "எனக்கு நீ மாத்திரயோட போதும்டா" என்றார். மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு தடவை வந்துவிட்டது. கொஞ்ச காலம் அப்படித்தான் இருக்கும் என்கிறார் டாக்டர். ஒரு தடவை கடையில். கஸ்தூரியம்மா குழாய்க்கடியில் என் தலையைப் பிடித்துக்கொண்டு, இட்லி கேட்டவர்களை "இரு, குடுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

உன் கவி

❖

12.5.2024

என் அன்பு கவிக்கு,

சமாதானம். அப்பாவையும் அம்மாவையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். வெயில் அங்கே கொளுத்துமே, தொப்பி போட்டுக்கொண்டு போ.

மதர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை அறைக்குக் கூப்பிட்டார். கடிதம் அவர் கையில் இருந்தது. அதை மடித்து மேசைமேல் வைத்தார். அப்புறம், "வெறுங்கையோட அனுப்ப மனசு வரல, அதான் ரெண்டு வருஷம்னு சொன்னேன்" என்றார். வயதாகிவிட்டது அவருக்கு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இனிமே திரும்பி வர்றத நினைக்க வேணாம்னு எழுது. மாத்திரை சாப்பிடணும்னு எழுது. நான் சொன்னத திரும்ப எடுத்துக்கிட்டேன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன், கவி. கதவு மூடிவிட்டது. என் கையாலேயே மூடுகிறேன். அவர் சொல்லி எழுதுகிறேன் என்றாலும் என் எழுத்துத்தானே.

உன்னை எப்படித் தேற்றுவது என்று தெரியவில்லை. நல்ல வார்த்தை காதோடு நின்றுவிடுகிறது என்றாய். அதனால் வார்த்தை எழுதவில்லை. செப்டம்பரில் சிலுவைத் திருநாளுக்கு வீட்டு மனிதர்களைப் பார்க்க அனுமதி உண்டு. அப்பாவோடு வா. சந்திப்பு அறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நீ உட்காருவாய், இந்தப் பக்கம் நான். முகத்தையாவது பார்க்கலாம்.

அருணா

❖

16.9.2024

கவி,

நீயும் அப்பாவும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்கள் என்று வாசல் சகோதரி போன் பேசிவிட்டு வந்து சொன்னார். உனக்கு நினைவிருக்காது. நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

நீ கஸ்தூரியம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். புளி விலை ஏறியதும் சட்னி மாறிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாய். உன் முடி தோளைத் தொட்டுவிட்டது என்று நான் சொன்னேன். உனக்குத் தண்ணீர் வாங்க அப்பா வெளியே போனார். நீ "அக்கா" என்றாய். அந்தக் குரலே வேறாக இருந்தது. நாற்காலியோடு விழுந்தாய்.

நான் கத்தினேன். இந்த மடத்தில் ஒன்பது வருஷத்தில் யாரும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கதவுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. சாவி வாசல் சகோதரியிடம், அவர் திருநாள் ஜனங்களோடு வெளியே. திரும்பக் கம்பிக்கு ஓடி வந்தேன். நீ துடித்துக்கொண்டிருந்தாய். உன் தலை சிமெண்டுத் தரையில் மோதியது. ஒரு துணி வைக்கக்கூட முடியவில்லை. தரையில் படுத்துக் கம்பிக்குள் கையை விட்டேன். தோள் வரைக்கும் திணித்தேன். தலை எட்டவில்லை. கை எட்டவில்லை. உன் கால் கட்டைவிரல் மட்டும் எட்டியது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஜெபம் வரவில்லை, கவி. சேசுவே என்றுகூட வரவில்லை. நீ உதறினாய், நழுவியது, மறுபடி பிடித்தேன். வேறு எதுவும் என்னால் செய்ய முடியவில்லை. அப்பா ஓடி வந்து உன் தலையைத் தூக்கினார். சாவி வந்து கதவைத் திறந்தபோது உன்னை ஆட்டோவில் ஏற்றியாகிவிட்டது. மதர் என்னைப் பார்த்து, "போ, போயேன்" என்றார். போய்ப் பார்க்க நீ அங்கே இல்லை.

தோளில் கம்பி அழுத்திய இடம் கன்றியிருக்கிறது. மற்றபடி சுகம். பாட்டு நேரத்தில் எனக்கு இன்னும் பாட வரவில்லை.

ஒரு தலையணைகூட வைக்க முடியாத அக்காவாகிவிட்டேன். மன்னித்துக்கொள்.

அருணா

❖

திருவண்ணாமலை
29.9.2024

என் அருணா அக்காவுக்கு,

மரியே வாழ்க. தலையில் தையல் பிரித்தாயிற்று. அப்பா, அம்மா சுகம். மாத்திரையைக் காலையிலும் சாயங்காலமும் சாப்பிடுகிறேன். கஸ்தூரியம்மா உன் தோளுக்கு வேப்பெண்ணெய் தேய்க்கச் சொன்னார்.

மன்னிப்பெல்லாம் கேட்காதே. எனக்கு நினைவிருக்காது என்று எழுதியிருந்தாய். ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வலிப்பு விட்டு நினைவு திரும்பும்போது கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றுமே இருக்காது, அக்கா. இடம் தெரியாது. என் பேர் தெரியாது. கடவுள் என்று ஒருவர் இருக்கிறார் என்பதும் தெரியாது. நல்லவள், கெட்டவள், தகுதி இருக்கிறவள், இல்லாதவள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்து ஏறும். எப்போதும் முதலில் வருவது பயம். இந்தத் தடவை முதலில் வந்தது கால். யாரோ என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். யார் என்று தெரியவில்லை, உன்னையே தெரியவில்லை. நான் யார் என்றும் தெரியவில்லை. யாரோ விடாமல் பிடித்திருக்கிறார்கள், அது மட்டும் தெரிந்தது. பயம் வரவில்லை. அப்பா என்னைத் தூக்கியபோது அந்தப் பிடி விட்டுப்போனது. அதற்குத்தான் அழுதேனாம்.

நீ படித்த படிப்புக்கு இதற்கு ஏதாவது பேர் இருக்கும். எனக்கு எழுதாதே. இப்படியே இருக்கட்டும்.

இன்று பூசைக்குப் போனேன். நன்மை வாங்கவில்லை. வரிசைப் பக்கம் போக இன்னும் தைரியம் வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியாது. சாமியார் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார், நல்லது. கதவோரம் உட்காராமல் நடுவில் போய் அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போனபோது முன்னால் இடம் காலியானது. பீடத்தைப் பார்த்து, கைக்கு எட்டட்டும் என்று இரண்டு காலையும் நீட்டி வைத்துக்கொண்டேன்.

அம்மா திரும்பி வந்து பார்த்துப் பதறிப்போய், "சாமியப் பாத்து கால நீட்டுவாங்களாடி? மடக்குடி" என்று தொடையில் கிள்ளினாள்.

பூசை முடிகிற வரைக்கும் நான் மடக்கவில்லை.

உன் தங்கை,
கவிநிலா